குண்டுக்கும் வெடிப்புக்கும் நடுவே

குண்டுவீச்சு விமானத்தில் போனவர்களையும் வான்போரையும் சினிமா எப்படிக் காட்டியிருக்கிறது என்று ஆராய லண்டனில் தமிழர்கள் கூடுவானேன் என்று சிலர் கேட்கக்கூடும். அதற்குப் பதில் உண்டு, பிறகு வருகிறேன். முதலில், இந்தத் துறையில் வழக்கமாகக் கேட்கப்படும் ஒரு கேள்வியை ஓரமாக எடுத்து வைக்க விரும்புகிறேன். போர் விமானப் படம் ஒன்று வந்தால், பறந்தது சரியான மாடல்தானா, சீருடையில் பட்டை இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறதா என்று பார்க்க ஒரு கூட்டம் புறப்பட்டுவிடும். 1969-இல் வந்த 'பேட்டில் ஆஃப் பிரிட்டன்' படத்தில் ஜெர்மானியரின் மெஸ்ஸர்ஷ்மிட்டாக நடித்தவை ஸ்பெயினில் கட்டிய விமானங்கள். அவற்றை இழுத்தது, ஸ்பிட்ஃபயரை இழுத்த அதே ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின் இன்ஜின். இப்படிக் கண்டுபிடித்துச் சொல்வதில் ஒரு சந்தோஷம் இருக்கத்தான் செய்கிறது. ஆனாலும் ஆணி எண்ணுவது ஒரு வேலை, படத்தைப் படிப்பது இன்னொரு வேலை. இன்று நான் கேட்க நினைப்பது வேறு: குண்டு விமானத்தை விட்டு நழுவுவதற்கும் தரையில் வெடிப்பதற்கும் நடுவே இருக்கும் நேரத்தைத் திரைப்படம் என்ன செய்கிறது?

அந்த நேரம் எப்படிப்பட்டது என்று கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷார் பறந்த லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தில் ஏழு பேர். விமானி, ஃப்ளைட் இன்ஜினியர், நேவிகேட்டர், வயர்லெஸ் ஆபரேட்டர், மூக்குப் பகுதியில் குப்புறப் படுத்துக் குறிபார்த்துக் குண்டை விடுபவர், முதுகில் ஒரு துப்பாக்கிக்காரர், வாலில் தனியாக இன்னொருவர். நேவிகேட்டர் கறுப்புத் திரைக்குப் பின்னால் சின்ன விளக்கடியில் வரைபடத்தோடு உட்கார்ந்திருப்பார். அவராக எழுந்து வந்து பார்த்தாலொழிய வெளியே நடப்பது அவருக்குத் தெரியாது. குண்டுகள் கழன்றதும், டன் கணக்கில் பாரம் குறைந்த விமானம் ஒரு துள்ளுத் துள்ளி மேலேறும். உடனே திரும்பி ஓட முடியாது. குண்டுகளோடு ஓர் ஒளிக்குண்டும் விழுந்திருக்கும். அது வெடித்துத் தரையைப் பளிச்சென்று காட்டும் கணத்தில் விமானத்தின் கேமரா படம் எடுத்தாக வேண்டும். அதுவரை கீழிருந்து பீரங்கி சுட்டாலும், சர்ச்லைட் பிடித்துக்கொண்டாலும், ஆடாமல் அசையாமல் நேர்கோட்டில் பறக்க வேண்டும். இருபதாயிரம் அடியிலிருந்து விழும் குண்டு தரையைத் தொட அரை நிமிடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் விமானம் மூன்று கிலோமீட்டரைத் தாண்டியிருக்கும்.

இந்த அரை நிமிடத்தைத்தான் சினிமா கத்தரித்துவிடுகிறது. பொத்தானை அமுக்கும் விரல். அடுத்த ஷாட்டில் தீப்பிழம்பு. இந்த வகைப் படங்களின் பெரிய பொய் அந்த ஒரு வெட்டில் இருக்கிறது என்பதே என் வாதம். குறி தப்பியிருக்கலாம் என்ற ஐயத்தை அது துடைத்துவிடுகிறது. உள்ளே இருந்தவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்த காத்திருப்பும் அதோடு போய்விடுகிறது. கீழே இருந்தவர்களுக்கும் அதே நொடிகள்தான் ஓடின என்பதை நினைக்கவே பார்வையாளருக்கு இடம் கிடைப்பதில்லை.

சான்றுக்கு 1941-க்குப் போகலாம். அந்தக் கோடையில் ஹாரி வாட் இயக்கிய 'டார்கெட் ஃபார் டுநைட்' இங்கே திரைக்கு வந்தது. அரசின் கிரவுன் ஃபிலிம் யூனிட் எடுத்தது. தொழில்முறை நடிகர்கள் கிடையாது. விமானப் படையினரே தங்கள் வேலையைச் செய்துகாட்டினார்கள். 'எஃப் ஃபார் ஃபிரெடி' என்ற வெலிங்டன் விமானத்தின் விமானியாக வரும் பெர்சி பிக்கார்ட் நிஜமான விமானி. 1944 பிப்ரவரியில் பிரான்ஸில் ஆமியென் சிறைத் தாக்குதலில் சுட்டு வீழ்த்தப்பட்டு இறந்தார். படத்தில் ஒரு கற்பனையான ஜெர்மானிய எண்ணெய்க் கிடங்கின் மேல் குண்டு நழுவுகிறது. கிடங்கு பற்றி எரிகிறது. அதே கோடையில், சர்ச்சிலின் அறிவியல் ஆலோசகர் செர்வெல் பிரபு சொன்னதன் பேரில், டேவிட் பட் என்ற அதிகாரி வேறு படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜூன், ஜூலை மாத இரவுகளில் குண்டுவீச்சு விமானங்களின் கேமராக்கள் எடுத்த அறுநூறுக்கும் மேற்பட்ட புகைப்படங்கள் அவை. ஆகஸ்டில் அவர் எழுதிய அறிக்கை சொன்னது: இலக்கைத் தாக்கியதாகச் சொல்லிக்கொண்ட விமானங்களில் மூன்றில் ஒன்றுதான் இலக்குக்கு ஐந்து மைல் தூரத்துக்குள் வந்திருக்கிறது. ரூர் தொழிற்பகுதியில் பத்தில் ஒன்று. ஒரே கோடை, ஒரே விமானப் படை, இரண்டு கேமராக்கள். ஒன்றின் படத்தை ஊரே பார்த்தது. மற்றதன் முடிவு அப்போது இரகசியம்.

போர்க்காலத்தில் அரசாங்கம் எடுத்த பிரசாரப் படத்திடம் உண்மையைத் தேடலாமா என்று கேட்பார்கள். தேடலாம் என்றுதான் சொல்வேன். அதே கிரவுன் ஃபிலிம் யூனிட்டில் ஹம்ஃப்ரி ஜென்னிங்ஸ் 'ஃபயர்ஸ் வேர் ஸ்டார்ட்டட்' படத்தை எடுத்தார். 1943-இல் வந்தது. லண்டன் துறைமுகப் பகுதியில் ஒரு பகலும் ஓர் இரவும். இதிலும் நடிகர்கள் இல்லை, துணைத் தீயணைப்புப் படையில் வேலை பார்த்தவர்களே நடித்தார்கள். மேலே பறக்கும் எதிரி முகம் காட்டுவதில்லை. குண்டு எப்போது விழும் என்று காத்திருக்கும் மனிதர்கள்தான் படம் முழுக்க. ஆக, காத்திருப்பைப் படமாக்கும் கலை அந்த நிறுவனத்துக்குத் தெரியாமல் இல்லை. லண்டன் தெருவுக்கு என்று வந்தபோது அதைத் தாராளமாகச் செலவழித்தார்கள். ஜெர்மனியின் வானத்துக்குப் போனபோது பெட்டியில் பூட்டிவைத்துவிட்டார்கள். நம் ஊர் மேல் விழும் குண்டைக் கீழிருந்தும், நாம் போடும் குண்டை மேலிருந்தும் பார்ப்பது என்ற இந்த ஏற்பாடு போர் முடிந்த பிறகும் மாறவில்லை.

1955-இல் மைக்கேல் ஆண்டர்சன் இயக்கிய 'தி டேம் பஸ்டர்ஸ்' இந்த நாட்டின் நினைவில் எவ்வளவு ஆழமாகப் பதிந்த படம் என்பதை இங்கே வாழ்கிறவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. எரிக் கோட்ஸின் அணிவகுப்பு இசையைக் கால்பந்து மைதானத்தில்கூடக் கேட்கலாம். 1943 மே 16 இரவு 19 லங்காஸ்டர்கள் ரூர் அணைகளை உடைக்கக் கிளம்பின, 8 திரும்பவில்லை, 53 பேர் இறந்தார்கள். ஏன் இந்தத் தாக்குதலைச் சினிமா தேர்ந்தெடுத்தது? வீரம் என்பது பாதி விடை. வெறும் அறுபது அடி உயரத்தில் பறந்து, தண்ணீரில் தத்திச் செல்லும் குண்டை விட்டு, அது அணையில் மோதி நீருக்குள் வெடிப்பதை விட்டவர்களே கண்ணால் பார்த்த தாக்குதல் இது. காரணமும் விளைவும் ஒரே சட்டகத்தில் அடங்கிவிடுகின்றன. மற்ற ஆயிரக்கணக்கான இரவுகளில் அப்படி அடங்கவில்லை. அந்த இரவுகளுக்கு இதைப் போலப் புகழ்பெற்ற படமும் அமையவில்லை. விதிவிலக்கைத்தான் சினிமா விதியாக்கி வைத்தது. படத்தின் முடிவைக் குறை சொல்ல மாட்டேன்: திரும்பி வராதவர்களின் காலியான அறைகளும், ஆளில்லாத மேசைகளும், கடிதம் எழுதக் கிளம்பும் தாக்குதலின் தலைவர் கிப்சனும் அருமையான காட்சிகள். ஆனால் அணை உடைந்து பாய்ந்த வெள்ளத்தில் சுமார் 1,300 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பகுதி கட்டாய வேலைக்குக் கொண்டுவரப்பட்ட அயல்நாட்டவர். நெய்ஹைம் ஊருக்கருகே முகாமில் அடைபட்டிருந்த பெண்கள் பலர். தண்ணீர் பாய்வதைப் படம் காட்டுகிறது. முகாமைக் காட்டவில்லை.

இங்கே ஒரு வலுவான மறுப்பு உண்டு. அதைச் சுலபமாகத் தாண்டிவிடக் கூடாது. பிரிட்டனின் குண்டுவீச்சுப் படைப் பிரிவில் பறந்தவர்கள் சுமார் 1,25,000 பேர். இறந்தவர்கள் 55,573 பேர் என்பது நெடுங்காலம் சொல்லப்பட்டுவரும் கணக்கு. இருவரில் ஒருவர் என்று சொல்லுமளவுக்கு நெருங்கிய இழப்பு. பெரும்பாலோர் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த இளைஞர்கள். முப்பது முறை போய்வந்தால் ஒரு சுற்று முடியும், பலருக்கு முடியவில்லை. போர் முடிந்ததும் அரசியல்வாதிகள் அவர்களைக் கண்டும் காணாமல் இருந்துவிட்டார்கள். லண்டன் கிரீன் பார்க்கில் அவர்களுக்கு நினைவிடம் எழும்பியது 2012 ஜூனில்தான். இத்தனை பட்டவர்களைப் பற்றி ஒரு படம் எடுத்தால், கீழே இறந்தவர்களையும் சேர்த்துக் காட்டு என்று தராசு தூக்குவது நியாயமா என்பது அந்த மறுப்பு. நான் தராசைக் கேட்கவில்லை. ஹாம்பர்க் தெருவுக்குக் கேமராவைக் கொண்டுபோ என்றும் சொல்லவில்லை. விமானத்துக்குள்ளேயே இருக்கட்டும், அந்த அரை நிமிடம் முழுக்க இருக்கட்டும். அதை வெட்டுவதால் முதலில் அநியாயத்துக்கு ஆளாகிறவர்கள் அந்த ஏழு பேர்தான். அவர்கள் வாழ்க்கையிலேயே நீளமான நொடிகள் அவை. அவற்றைப் பறித்துக்கொண்டு பதிலுக்கு ஒரு வாணவேடிக்கையைக் கொடுப்பது மரியாதை ஆகாது. போதாக்குறைக்கு, கிரீன் பார்க் கல்வெட்டு அந்தக் குண்டுவீச்சில் உயிரிழந்த எல்லா நாட்டு மக்களையும் நினைவுகூர்கிறது. கல்லில் முடிந்தது படச்சுருளில் முடியாது என்பதற்கு எனக்குக் காரணம் தெரியவில்லை.

இருட்டில் எதைப் படம் எடுப்பது என்ற மறுப்பு இதைவிட லேசானது. பகலில் பறந்த அமெரிக்கரோடு போய் வில்லியம் வைலர் 1944-இல் தந்த 'மெம்ஃபிஸ் பெல்' வண்ணப் படம். அதற்காகப் பறந்த ஒளிப்பதிவாளர் ஹெரால்ட் டானன்பாம் உயிரையே விட்டார். ஆனால் அந்த 16 மில்லிமீட்டர் சுருளில் ஒலி இல்லை. நாம் கேட்கும் குரல்கள் பிறகு சேர்த்தவை. பிரிட்டிஷார் பறந்த இரவில் நிலைமை தலைகீழ்: படம் கிடைக்காது, ஒலி கிடைக்கும். 1943 செப்டம்பர் 3-ஆம் தேதி இரவு பிபிசியின் வின்ஃபர்ட் வாகன் தாமஸும் ஒலிப்பதிவாளர் ரெஜ் பிட்ஸ்லியும் பெர்லினுக்குப் போன ஒரு லங்காஸ்டரில் ஏறி, ஒலித்தட்டில் எல்லாவற்றையும் பதிந்துகொண்டு வந்தார்கள். அந்த விமானத்தின் பெயரும் 'எஃப் ஃபார் ஃபிரெடி'யே. இன்ஜின் இரைச்சலுக்கு மேலே இன்டர்காமில் கேட்கும் குரல்களில் பதற்றத்தைத் தேடத்தான் வேண்டும். இருட்டுத் திரையில் அந்தக் குரல்களை மட்டும் ஓடவிடும் துணிச்சல் ஓர் இயக்குநருக்கு வேண்டும், அவ்வளவுதான்.

இனி, நமக்கென்ன வேலை என்ற கேள்வி. போர் நிதி கொடுத்த காலனிகளின் பெயரை விமானப் படைப் பிரிவுகளுக்குச் சூட்டினார்கள். யார்க்ஷயரிலிருந்து ஹாலிஃபாக்ஸ் விமானங்களில் ஜெர்மனிக்குப் போன 102-ஆம் பிரிவின் பெயர் சிலோன். லங்காஸ்டர் ஓட்டிய 97-ஆம் பிரிவு, பினாங்கும் சிங்கப்பூரும் அடங்கிய ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மென்ட்ஸின் பெயரைச் சுமந்தது. சென்னை மாகாணத்தின் பெயர் 234, 264 ஆகிய போர் விமானப் பிரிவுகளுக்குப் போனது. தமிழர் பெருகி வாழும் காலிண்டேலில், ஹெண்டன் விமானப் படை அருங்காட்சியகத்தில் 137 முறை போய்வந்த லங்காஸ்டர் ஒன்று நிற்கிறது. மூக்கின் பக்கவாட்டில் வரிசை வரிசையாகக் குண்டுச் சின்னங்கள். அதில் கறுப்புத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து போன நேவிகேட்டர்களில் ஒருவர் சைலேந்திர ஏக்நாத் சுக்தங்கர் என்ற இந்தியர். ஆங்கிலப் படங்களில் அவரைப் போன்றவர்களுக்கு நாற்காலி கிடைக்கவில்லை.

தமிழ்ப் படத்தில் கிடைத்தது. 1945-இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் தந்த 'பர்மா ராணி'யில், ஜப்பானியர் வசமிருந்த பர்மாவில் குண்டு போடப் போகும் இந்திய விமானப் படையினர் மூவர் விமானம் வீழ்ந்து தரையில் மாட்டிக்கொள்கிறார்கள், கே.எல்.வி. வசந்தா நடித்த ராணி அவர்களைக் காப்பாற்றுகிறாள். இயக்கிய டி.ஆர். சுந்தரமே ஜப்பானிய அதிகாரியாகவும் வந்தார். மூன்றாண்டு முன்பு பவலும் பிரஸ்பர்கரும் எடுத்த 'ஒன் ஆஃப் அவர் ஏர்கிராஃப்ட் இஸ் மிஸ்ஸிங்' படத்திலும் ஸ்டுட்கார்ட்டில் குண்டு போட்டுத் திரும்பும் குழு ஹாலந்தில் குதித்து, அங்கத்துப் பெண்களால் தப்புகிறது. ஒன்றைப் பார்த்து மற்றது எடுக்கப்பட்டது என்று சொல்ல வரவில்லை. படச்சுருளுக்கே கட்டுப்பாடு இருந்த நாளில் வானத்தைவிடத் தரை மலிவு. எனக்கு உறுத்துவது வேறு. 1941 டிசம்பர் 23-இல் ரங்கூன் மேல் விழுந்த ஜப்பானியக் குண்டுக்கு இரையானவர்களில் இந்தியத் தொழிலாளர்கள் ஏராளம். பிறகு கால்நடையாக ஊர் திரும்பியவர்களின் சொந்தக்காரர்கள் அந்தப் படத்தின் கொட்டகையில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களிடம்கூட, குண்டு விழும் பர்மாவை ஒளிந்து தப்பும் காடாகத்தான் படம் காட்டியது. 2017-இல் மணிரத்னத்தின் 'காற்று வெளியிடை'யும் கார்கில் வானத்தில் விமானியை வீழ்த்திவிட்டுத்தான் கதைக்குள் போகிறது. விழுந்த பிறகுதான் விமானி நமக்கு மனிதனாகிறான் போலும்.

ஈழத்திலிருந்து வந்தவர்கள் இந்த அவையில் நிறையப் பேர். பொம்மர் என்ற சொல்லுக்கு அவர்களிடம் விளக்கம் கேட்க வேண்டியதில்லை. 1990-களில் யாழ்ப்பாணத்தின் மேல் சுற்றிய அவ்ரோ, குண்டு போட மாற்றியமைத்த பயணிகள் விமானம். லங்காஸ்டரை உருவாக்கிய அதே மான்செஸ்டர் கம்பெனியின் வடிவமைப்பு. சத்தத்தை வைத்தே அவ்ரோவா, புக்காராவா, கிபிரா என்று பிள்ளைகள் சொன்னார்கள். விமானம் தாழப் பதியும் சத்தம் கேட்டதும் பங்கருக்குள் இறங்கினார்கள். 1995 ஜூலை 9-இல் நவாலி தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்து குண்டுக்குப் பலியான நூற்றுக்கு மேற்பட்டவர்களுக்கு இறங்க இடமிருக்கவில்லை. நாசிகளோடு நடந்த போரையும் இதையும் ஒன்றாக்குவதா என்று கேட்டால், இல்லை. போரின் நியாயம் வேறு வேறு. அதை வரலாற்றாசிரியர்கள் தீர்க்கட்டும். நான் பேசுவது நேரத்தைப் பற்றி. மேலே கேமராவுக்காகக் காத்திருந்தவர் எண்ணிய நொடிகளும் பங்கருக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணிய நொடிகளும் ஒரே கணக்கைச் சேர்ந்தவை. மேலிருந்து எண்ணியதை இங்கிலாந்துப் படங்கள் வெட்டிவிட்டன. கீழிருந்து எண்ணியவர்களின் மொழி நம்முடையது. அந்த மொழியில் இந்த வகைப் படங்களைப் படிக்கும் ஆய்வு இன்னும் தொடங்கவே இல்லை என்பது என் கருத்து. மறுப்பவர்கள் மாலை அமர்வில் மறுக்கலாம்.

முதல் அமர்வில் பெர்லின் ஒலிப்பதிவைப் போடப் போகிறார்கள். படம் எதுவும் வராது, ஒலி மட்டும்தான். பின்வரிசையில் இருப்பவர்கள் முன்னால் வந்து உட்காருங்கள், விளக்கை அணைத்துவிடலாம்.