பொருள் வேண்டாத பாட்டு

பாட்டு என்றால் பொருள் இருந்தே ஆகவேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் முன்னால் 1977ஆம் ஆண்டுப் பாட்டு ஒன்றை வைக்கிறேன். பெல்ஜியத்தில் பிளாஸ்டிக் பெர்ட்ராண்ட் என்ற பெயரில் வெளிவந்த ‘சா பிளான் பூர் முவா’. பங்க் இசையின் வேகம், பிரெஞ்சு மொழி. பூனை வருகிறது, விஸ்கி வருகிறது, ஒரு பெண் வந்துபோகிறாள். ஒன்றுக்கொன்று ஒட்டுமில்லை உறவுமில்லை. பிரெஞ்சுக்காரரிடமே கதை கேட்டாலும் விழிப்பார். அந்தப் பாட்டு மறு ஆண்டு பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் 8ஆம் இடத்துக்கு ஏறியது. அங்கே வாங்கியவர்கள் பொருளுக்காக வாங்கினார்கள் என்று யாரும் சொல்ல முடியாது.

“மெட்டு விற்றது, சொல்லுக்கு என்ன பங்கு?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதே இசைத்தடத்தின் மேல் எல்டன் மொடெல்லோ ஆங்கிலத்தில் ‘ஜெட் பாய், ஜெட் கேர்ள்’ பாடியிருக்கிறார். அதே கிடார், அதே டிரம்ஸ். அதில் தெளிவான கதை உண்டு, கைவிடப்பட்டவனின் ஆத்திரம் உண்டு. ஆங்கிலேயருக்குப் புரிந்த அந்தப் பாட்டு அங்கே எடுபடவில்லை. அதன் சொற்கள் வானொலிக்கு ஆகாதவை என்பதையும் கணக்கில் எடுக்கவேண்டும்தான். ஆனால் இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். ஆங்கிலத்தில் காது கதையின் பின்னால் போகிறது. பிரெஞ்சில் சொற்கள் மூச்சுவிடாமல் கொட்டி, டிரம்ஸோடு டிரம்ஸாக அடித்து, தலைப்புத் தொடரில் வந்து இறங்குகின்றன. பிறகு சொல்லே இல்லாத ஒரு கீச்சுக் கூவல். பாட்டை மறந்தவர்களுக்கும் அந்தக் கூவல் நினைவிருக்கும். பொருளை இறக்கிவைத்ததால்தான் குரலால் அப்படி ஓட முடிந்தது.

பங்க் என்பது கோபத்தின் இசையல்லவா என்பார்கள். அதே 1977இல் செக்ஸ் பிஸ்டல்ஸ் பாடிய ‘காட் சேவ் த குயின்’ பாட்டை பிபிசி ஒலிபரப்ப மறுத்தது. அதற்குப் பொருள்தான் உயிர், மறுக்கவில்லை. எல்லாப் பாட்டுக்கும் அதே அளவுகோலா என்பதே என் வழக்கு.

கடைசியாக ஒரு குற்றச்சாட்டு: மோசடி. ஒலித்தட்டில் இருப்பது தன் குரலல்ல என்று பெர்ட்ராண்டே 2010இல் ஒப்புக்கொண்டார். பாடியவர் தயாரிப்பாளர் லூ டெப்ரைக். பின்னணிக் குரலுக்கு வாயசைப்பதைப் பார்த்தே வளர்ந்த நமக்கு இதில் அதிர்ச்சி குறைவு! நெஞ்சைத் திறந்து பாடிய பாட்டாக இருந்தால் அந்தச் செய்தி அதைக் கொன்றிருக்கும். இந்தப் பாட்டில் திறப்பதற்கு நெஞ்சே இல்லை. ஆடுகிறவர்கள் ஆடிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.