தொடையைப் போர்த்தும் உறை
(ஆதரவாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



உங்கள் ஜெபங்களுக்கும் காணிக்கைகளுக்கும் முதலாவது எங்கள் நன்றி. எலும்பையும் தசையையும் பற்றி நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். இன்று அவற்றைச் சேர்த்துக் கட்டும் ஓர் உறையைப் பற்றிச் சொல்ல விரும்புகிறோம்.

தொடையின் தோலையும் கொழுப்பையும் விலக்கினால், தசைகளை முழுவதும் சுற்றி வெண்மையான ஒரு போர்வை தெரியும். பள்ளிபாளையம், குமாரபாளையம் தறிகளில் பாவும் ஊடையும் ஓடுவதுபோல அதன் நார்கள் நெடுக்கிலும் குறுக்கிலும் ஓடுகின்றன. இதிலிருந்து உள்ளே செல்லும் தடுப்புகள் தொடைத் தசைகளை மூன்று அறைகளாகப் பிரிக்கின்றன. தசை சுருங்கும்போது உறை விரிந்து கொடுக்காததால், உள்ளிருக்கும் இரத்தம் இதயத்தை நோக்கித் தள்ளப்படுகிறது.

தொடையின் வெளிப்புறத்தில் இந்த உறை தடித்து ஒரு பட்டையாகிறது. இடுப்பெலும்பின் விளிம்பில் தொடங்கி, முழங்காலைக் கடந்து, கீழ்க்கால் எலும்பின் மேல்முனையில் வெளிப்பக்கமாகப் பதிகிறது. நாம் நிற்கும்போது இடுப்பையும் முழங்காலையும் தாங்கிப் பிடிப்பதில் இதற்குப் பங்குண்டு.

இரண்டு மூட்டுகளைக் கடப்பதுதான் இதன் பலம், ஆபத்தும் அதிலேதான். போலியோவால் கால் தளர்ந்த பிள்ளைகள், இடுப்பை மடக்கி, தொடைகளை அகட்டியே மாதக்கணக்கில் கிடந்தார்கள். பட்டை அந்த நிலையிலேயே குறுகிப்போயிற்று. பிறகு இடுப்பு நிமிரவில்லை, முழங்கால் நீளவில்லை, காலப்போக்கில் முதுகெலும்பும் வளைந்தது. நடக்கக்கூடிய பிள்ளைகளும் தவழ்ந்தார்கள். இந்தப் பட்டையின் பங்கை அமெரிக்க மருத்துவர் யவுண்ட் 1926-ல் விளக்கி, முழங்காலுக்குச் சற்று மேலே அதை வெட்டி விடுவிக்கும் முறையைக் காட்டினார். அதன்பின் மாவுக்கட்டும் காலிப்பரும் தேவைப்படும்.

இதே உறை பிறருறுப்புக்கும் உதவுகிறது. 1914-ல் மிஷனெரிப் பெற்றோருக்குப் பிறந்து, நம் கொல்லிமலையில் வளர்ந்தவர் டாக்டர் பால் பிராண்ட். 1946-ல் வேலூருக்கு வந்து, தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை நிமிர்த்தும் அறுவைச் சிகிச்சைகளை வளர்த்தார். நல்ல தசையொன்றின் பலத்தை நான்கு விரல்களுக்கும் பகிர்ந்தளிக்க நீளமான இணைப்பு நார் வேண்டும். காலிலுள்ள மெல்லிய தசைநாணோ, தொடை உறையின் கீற்றோ அதற்குப் பயன்படும். பிறவியிலேயே மேல் இமை தூக்க முடியாத குழந்தைக்கும், அதன் தொடைக் கீற்றைக் கொண்டே இமையை நெற்றித் தசையோடு இணைக்கிறார்கள். இவ்வளவு கொடுத்தும் பெரும்பாலும் நடை கெடுவதில்லை.

2011 ஜனவரிக்குப் பிறகு இந்தியாவில் காட்டுப் போலியோ நோயாளி எவரும் இல்லை. 2014 மார்ச்சில் சான்றும் கிடைத்தது. ஸ்தோத்திரம்! ஆனால் அந்நாளில் பாதிக்கப்பட்டவர்கள் இன்று நடுவயதைக் கடந்து நம் ஊர்களில் இருக்கிறார்கள். காலிப்பர் தேய்ந்தால் மாற்ற வேண்டும். மூளைவாதமுள்ள குழந்தைகளும், விபத்துக்குப்பின் நெடுநாள் படுத்திருப்பவர்களும் உண்டு. முழங்காலுக்கடியில் எந்நேரமும் தலையணை வைத்தால் வலி குறைவதாகத் தோன்றும். கால் அப்படியே மடங்கி இறுகிவிடும்.

இதைத் தடுக்கப் பணம் அதிகம் வேண்டாம். தாய் பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்ள, பிள்ளையைத் தினமும் சில வேளைகள் குப்புறப் படுக்கவைத்து, கால்களை நேராகச் சேர்த்து வைக்க வேண்டும். பலவந்தமாக இழுக்கக் கூடாது. இயன்முறைச் சிகிச்சையாளர் காட்டித்தருவார். இறுகிய பின் வந்தால் அறுவைச் சிகிச்சை, கட்டு, பல வாரப் படுக்கை. தினக்கூலிக் குடும்பத்துக்கு அது எத்தனை பாரம் என்பதை நீங்கள் அறிவீர்கள்.

ஆகவே உங்களிடம் இரண்டு காரியங்களைக் கேட்கிறோம். காலிப்பருக்கும் சிகிச்சைக்கும் தொடர்ந்து கொடுங்கள். அதோடு, உங்கள் சபையிலோ தெருவிலோ கால் மடங்கிக் கிடக்கும் பிள்ளை இருந்தால், அடுத்த பண்டிகை வரை காத்திராமல் இந்த வாரமே அருகிலுள்ள மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.