கொரோனா நோயும் குழந்தைகளின் மூளை நரம்புகளும்
(பஞ்சாயத்து உறுப்பினர்கள் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கொரோனா என்றவுடன் மூச்சுத் திணறலும் நுரையீரலுமே நம் நினைவுக்கு வருகின்றன. குழந்தைகளுக்கு அந்நோய் பெரும்பாலும் இலேசாக வந்து நீங்கிவிடுகிறது என்பது உண்மையே. ஆயினும், மருத்துவமனையில் சேர்க்கப்படும் அளவுக்கு நோயுற்ற குழந்தைகளுள் சிலருக்கு மூளையும் நரம்புகளும் தாக்குறுகின்றன. மருத்துவமனைக்குத் தொலைவில் வாழும் நாம் இதனை அறிந்திருத்தல் வேண்டும். குறியறிந்து காலத்தே புறப்படுதலே பாதிச் சிகிச்சையாகும்.

2023ஆம் ஆண்டு மே 5ஆம் நாள், கொரோனாவால் நேர்ந்த உலக அவசர நிலை முடிவுற்றதென உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. நெருக்கடிதான் முடிந்தது, கிருமி மறைந்துவிடவில்லை.

கணக்கு கூறும் உண்மை

அமெரிக்க நாட்டில், 2020ஆம் ஆண்டு மார்ச் முதல் டிசம்பர் வரை, கொரோனா தொடர்பாக 61 மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்ட 21 வயதுக்குட்பட்ட 1,695 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தனர். அவர்களுள் 365 பேருக்கு, அதாவது நூற்றுக்கு 22 பேருக்கு, நரம்பு மண்டலம் சார்ந்த குறிகள் காணப்பட்டன. இது கேட்டு அஞ்ச வேண்டுவதில்லை. அந்த 365 பேரில் 322 பேருக்கு அவை தற்காலிகமானவையே. எஞ்சிய 43 பேருக்கோ உயிருக்கே ஆபத்து நேர்ந்தது. அவர்களுள் 11 பேர் இறந்தனர். 17 பேர் பிழைத்தும், புதிய நரம்புக் குறைபாட்டுடன் வீடு திரும்பினர்.

மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. நரம்பு மண்டலம் தாக்குற்றோரில் நூற்றுக்கு 22 பேர் முன்னரே நரம்பு நோய் உடையவர்கள். தாக்குறாதோரில் அத்தகையோர் நூற்றுக்கு 8 பேரே. ஆகவே, வலிப்பு நோயோ மூளை வளர்ச்சிக் குறையோ உள்ள குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் கூடுதல் விழிப்பு வேண்டும்.

எவ்வாறு நேருகிறது?

கிருமி நேரே மூளையில் புகுவதே காரணம் என்று எண்ணிவிடலாகாது. பல வேளைகளில், கிருமியை எதிர்க்க எழும் உடலின் காவற்படையே அளவு மீறிவிடுகிறது. களை பறிக்க இறங்கியவர்கள் பயிரையும் மிதித்துவிடுவது போன்றது அது. அதனால் மூளை வீங்கலாம். நரம்புகள் நலிந்து கால்கள் தளரலாம். சிலருக்கு இரத்தம் உறைந்து குழாயை அடைக்கிறது. வாய்க்காலில் அடைப்பு ஏற்பட்டால் அதற்கப்பாலுள்ள வயல் காய்வது போல, மூளையின் அப்பகுதி வாடிப் பக்கவாதம் உண்டாகிறது.

நோய் நீங்கி 2 முதல் 6 வாரங்கள் கழித்தும் சில குழந்தைகளுக்கு விடாக் காய்ச்சல், கண் சிவப்பு, தோல் தடிப்பு, வயிற்று வலி, வாந்தி ஆகியவை தோன்றுவதுண்டு. அதனுடன் மயக்கமும் குழப்பமும் சேரலாம். முன்பு வந்த காய்ச்சலை மருத்துவரிடம் மறவாது கூறுக.

காலந்தாழ்த்தலாகாத குறிகள்

எழுப்பியும் எழாத உறக்கம், ஆளறியாக் குழப்பம், வலிப்பு, வாய் கோணுதல், ஒரு பக்கக் கை கால் சோர்தல், பேச்சுக் குழறல், நடை தளர்தல், கடுந்தலைவலியுடன் ஓயாத வாந்தி, கழுத்து விறைப்பு ஆகியவற்றுள் ஒன்று கண்டாலும் உடனே 108 வண்டியை அழையுங்கள். விடியட்டும் என்று காத்திருத்தல் கூடாது.

வலிப்பு வந்த குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், ஆடையைத் தளர்த்துங்கள், எத்தனை நிமிடம் நீடிக்கிறதெனக் கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடத்திற்கு மேல் நீடித்தால் பேராபத்து. வாயில் நீரோ மருந்தோ ஊற்ற வேண்டா. பற்களிடையே கரண்டி செருக வேண்டா. கை கால்களை அழுத்திப் பிடிக்க வேண்டா. இரும்பைக் கையில் கொடுப்பதால் வலிப்பு நிற்பதில்லை. மருத்துவர் சொல்லாமல் குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் மாத்திரை கொடுத்தலும் தீது.

வீடு திரும்பிய பின்னர்

காய்ச்சல் தணிந்ததோடு கவலை தீர்ந்ததென எண்ணற்க. நடை, பேச்சு, நினைவாற்றல், பள்ளிப் படிப்பு ஆகியவற்றில் மாறுதல் உண்டா எனப் பெற்றோரும் ஆசிரியரும் சில மாதங்கள் கவனித்தல் வேண்டும். தளர்ந்த கை கால்களுக்குத் தொடர்ந்த பயிற்சி நல்ல பயன் தரும். பின்தங்கிய பிள்ளையைச் சோம்பேறி என்று இகழ்வது அறியாமை.

பஞ்சாயத்தின் பங்கு

உறுப்பினர்களே! ஆபத்துக் குறிகளைப் பஞ்சாயத்து அலுவலகத்திலும் பள்ளியிலும் எழுதி வையுங்கள். வலிப்பு நோயுள்ள குழந்தைகள் எவ்வீட்டில் உள்ளனர் என்பதைக் கிராம சுகாதாரச் செவிலியர் வாயிலாக அறிந்து, அவர்களுக்கு மருந்து தடையின்றிக் கிடைக்கச் செய்யுங்கள். இரவில் அழைத்தால் வரக்கூடிய வண்டி ஒன்றேனும் ஊரில் இருக்க ஏற்பாடு செய்யுங்கள். வலிப்பைப் பேயின் வேலை என்று மந்திரிக்கச் செல்வோரை வைது விரட்டாமல், அன்புடன் எடுத்துச் சொல்லி மருத்துவமனைக்கு அனுப்பி வையுங்கள்.

மருத்துவமனையில் நடப்பது மருத்துவர் கையில். அங்கே சென்று சேரும் நேரமோ நம் கையில். அந்நேரத்தை வீணாக்காதிருப்போமாக.