இராயப்பர் பேராலயம்

உரோமாபுரியில், அர்ச்சியசிஷ்ட இராயப்பரின் கல்லறை எனப் போற்றப்படும் இடத்திலே, கொன்ஸ்தந்தீன் பேரரசன் நான்காம் நூற்றாண்டில் ஓர் ஆலயம் எழுப்பினான். காலப்போக்கில் அதன் சுவர்கள் தளர்ந்தன. 1506-ஆம் ஆண்டு ஏப்பிரல் 18-ஆம் நாள், பாப்பரசர் இரண்டாம் யூலியஸ் புதிய பேராலயத்துக்கு அத்திவாரக்கல் நாட்டினார்.

பிரமாந்தே வகுத்த திட்டம் பெரிது, செலவும் பெரிது. பொருளுதவினோர்க்குப் பாவத் தண்டனையைக் குறைக்கும் பலன்கள் வழங்கப்பட்டன. அம்முறையை 1517-இல் மார்ட்டின் லூதர் கண்டித்தெழுந்தார். திருச்சபையின் ஒருமைக்குச் சின்னமாக எழுந்த ஆலயமே அதன் பிளவுக்கும் ஒரு காரணமாயிற்று.

பொருளால் விளைந்த இப்பூசலின் பின், பொருளை வேண்டாத ஒருவரே அவ்வாலயத்துக்கு உருவளித்தார். எழுபது வயது கடந்தபின் பணியேற்ற மைக்கலாஞ்சலோ, இறைவனுக்காகவே உழைப்பதாகக் கூறி ஊதியத்தை மறுத்தார். குவிமாடத்தைத் தாங்கும் பெருந்தூண்களைப் பலப்படுத்தினார். மரத்தால் மாதிரியொன்றும் செய்வித்தார். 1564-இல் அவர் கண்மூடியபோது மாடம் எழவில்லை. அதன் அடிவட்டச் சுவரே எழுந்திருந்தது. ஜாக்கமோ தெல்லா போர்த்தா, மாடத்தின் வடிவைச் சற்றே உயர்த்தி, 1590-இல் கட்டி முடித்தார். 1626-இல் ஆலயம் அபிஷேகம் பெற்றது.

தொடங்கியோர் எவரும் முடிவைக் கண்டிலர். எனினும், ஏறக்குறைய 136 மீற்றர் உயர்ந்து நிற்கும் அம்மாடத்தை அண்ணாந்து நோக்குவோர், கூலி கேளாத அம்முதியவரையே முதலில் நினைக்கின்றனர்.