மின்கலத்திற்கு ஒரு மதகு

வெளி மாநிலங்களில் வாழும் தமிழராகிய நமக்கு நெடுந்தூர ரயில் பயணம் புதிதன்று. வழியில் கைப்பேசி அணைந்துவிடாமல் காக்கும் பவர் பாங்க் என்னும் சிறு பெட்டியும் இன்று பலர் பையில் இடம் பெற்றிருக்கிறது. அதனுள் இருக்கும் லித்தியம் அயனி மின்கலத்தின் சராசரி மின்னழுத்தம் 3.7 வோல்ட்டு, கைப்பேசிக்கு அது வழங்குவதோ பெரும்பாலும் 5 வோல்ட்டு. குறைந்ததிலிருந்து மிகுந்தது பிறப்பது எங்ஙனம் என்பதைச் சற்று ஆராய்வோம்.

மின்கலம் ஏரியைப் போன்றது. ஏரி நிறைந்திருக்கையில் நீர் சீறிப் பாயும். வற்ற வற்ற வேகம் தணியும். முழுதும் ஏற்றிய மின்கலம் 4.2 வோல்ட்டு காட்டும். தீரும் தறுவாயில் ஏறத்தாழ 3 வோல்ட்டுக்கு இறங்கிவிடும். இவ்வேறுபாடு சிறிதெனத் தோன்றலாம். ஆனால் ஒரு சூடேற்றும் கம்பியில் பிறக்கும் வெப்பம் மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 1 ஓம் தடையுள்ள கம்பி 4.2 வோல்ட்டில் 17.6 வாட்டு வெப்பம் தரும், 3.5 வோல்ட்டில் 12.25 வாட்டே தரும். அழுத்தம் ஆறில் ஒரு பங்கு குறைய, வெப்பம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. ஆகவேதான் ஏரிக்கு மதகு போல் மின்கலத்திற்கும் ஒரு சீராக்கி வேண்டியிருக்கிறது.

சீராக்கி இருவகைப்படும். ஒன்று, மிகுதியான அழுத்தத்தை வெப்பமாக வீணாக்கிக் குறைத்துத் தருவது. இதனால் அழுத்தத்தை உயர்த்த இயலாது. மற்றொன்று, ஒரு நொடியில் பல்லாயிரம் முறை மின்னோட்டத்தைத் திறந்து மூடுவது. திறந்தபோது ஒரு கம்பிச்சுருள் தன் காந்தப்புலத்தில் ஆற்றலைச் சேமிக்கிறது. மூடியபோது அவ்வாற்றல் மின்கலத்தின் அழுத்தத்தோடு சேர்ந்து வெளிப்படுகிறது. 3.7 வோல்ட்டு 5 வோல்ட்டாவது இவ்வாறுதான்.

ஆயினும் இயற்கை எதையும் இலவசமாக வழங்குவதில்லை. 10,000 மில்லி ஆம்பியர் மணி என்று பெட்டியின்மேல் அச்சிட்டிருப்பது பொதுவாக 3.7 வோல்ட்டுக் கணக்கு. அஃதாவது 37 வாட்டு மணி. அதே ஆற்றலை 5 வோல்ட்டில் பெற்றால் 7,400-க்கு மேல் கிடைக்காது. பத்தில் ஒரு பங்கு வெப்பமாகப் போயின் 6,660 எஞ்சும். கடைக்காரர் நம்மை ஏமாற்றிவிட்டார் என்று உடனே முடிவுகட்ட வேண்டுவதில்லை.

இங்கே கருதத்தக்க அபாயமும் ஒன்றுண்டு. சீராக்கி வெளியே 5 வோல்ட்டைக் குறையாமல் காப்பதால் மின்கலத்தின் களைப்பு நமக்குப் புலனாவதில்லை. அழுத்தம் இறங்க இறங்க, அதே ஆற்றலைத் தருவதற்கு அது மேலும் மிகுந்த மின்னோட்டத்தை ஈய வேண்டியிருக்கிறது. உரிய எல்லையில் இணைப்பைத் துண்டிக்கும் காப்புச் சுற்று இல்லையேல் மின்கலம் கெடும். 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏற்றினாலோ தீப்பற்றவும் கூடும். பழைய மடிக்கணினிகளிலிருந்து எடுத்த மின்கலங்களைக் கொண்டு அறையிலேயே விளக்கும் பெட்டியும் அமைக்கும் இளைஞர்கள் இதனை மறத்தலாகாது. ஒரே அறையில் நால்வர் ஐவர் உறங்கும் இடத்தில் ஒருவர் கவனக்குறைவு அனைவரையும் பாதிக்கும்.

வீங்கிய மின்கலத்தை மீண்டும் ஏற்றாதீர்கள். காப்புச் சுற்றில்லாததை வாங்காதீர்கள். விமானத்தில் செல்லும்போது பவர் பாங்கைக் கைப்பையிலேயே வையுங்கள். 100 வாட்டு மணிக்கு மேற்பட்டதற்கு விமான நிறுவனத்தின் அனுமதி தேவை. ஏரியைக் கட்டுவதோடு கடமை முடிவதில்லை. மதகையும் பேணுதல் வேண்டும்.