காது கேளாப் பிள்ளைகளும் விஞ்ஞானக் கல்வியும்

(உபாத்தியாயர்களும் பெற்றோர்களும் கூடிய ஒரு கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



காது கேளாத பிள்ளைகளுக்கு உயர்தரப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் சொல்லிக் கொடுப்பது எப்படி என்பதைப் பற்றிப் பேசும்படி எனக்குக் கட்டளை இடப்பட்டிருக்கின்றது. ஆனால், "எப்படி" என்பதற்கு வருமுன், "சொல்லிக் கொடுக்கத்தான் வேண்டுமா?" என்கின்ற ஒரு கேள்வி நம்மில் பலர் மனதில் இருந்து வருகின்றது. அதை யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை; காரியத்தில் காட்டி விடுகிறார்கள். பத்தாம் வகுப்பில் தேறிய காது கேளாத பெண்ணொருத்தி பௌதிகமும் ரசாயனமும் படிக்க வேண்டுமென்று ஒரு பள்ளிக்கூடத்தில் விண்ணப்பம் கொடுத்தாள். விஞ்ஞானத்தில் அவள் வாங்கியிருந்த மார்க்கு என்னவென்று அங்கே ஒருவரும் பார்க்கவில்லை. "உனக்கு எதற்கம்மா அந்தக் கஷ்டம்? தையல் இருக்கின்றது, டைப் இருக்கின்றது, கணக்குப் பதிவு இருக்கின்றது" என்று எழுதிக் காட்டி அனுப்பி விட்டார்கள். எழுதியவர் கெட்டவரல்ல, மிகவும் இரக்கமுள்ளவர்தான். பெண்களைப் பார்த்து "உனக்கெதற்குப் படிப்பு" என்றவர்களும் இதே இரக்கத்தோடுதான் சொன்னார்கள் என்பதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

இந்த இரக்கம் எங்கிருந்து வந்தது என்று சற்று யோசித்துப் பாருங்கள். மனுதர்ம சாஸ்திரத்தின் ஒன்பதாவது அத்தியாயத்திலே, பிறவிக் குருடர், செவிடர், ஊமை முதலானவர்களுக்குத் தகப்பன் சொத்தில் பாகம் கிடையாதென்று எழுதி வைக்கப்பட்டிருக்கின்றது. சோறும் துணியும் கொடுத்து வைத்துக் கொள்ள வேண்டியது; பாகம் மாத்திரம் கேட்கக் கூடாது. பிறகு பதினோராவது அத்தியாயத்திலே, இப்படிப் பிறப்பதற்குக் காரணம் முன் செய்த பாவத்தின் மிச்சம் என்பதாகச் சொல்லப்படுகின்றது. அதாவது, சொத்தை முதலில் பறிமுதல் செய்துவிட்டு, குற்றம் இன்னதென்று இரண்டு அத்தியாயம் கழித்துச் சொல்லுகிறார் மனு! இது ஏட்டோடு நின்ற சங்கதியல்ல. இந்து சட்டம் என்ற பேரால் கோர்ட்டுகளில் அமுலில் இருந்து, 1928-ல் அதற்கென்றே தனியாக ஒரு சட்டம் செய்துதான் நீக்க வேண்டியதாயிற்று. சொத்தில் பாகமில்லை என்பது அன்றோடு ஒழிந்தது. படிப்பில் பாகமில்லை என்பது இன்னும் ஒழியவில்லை. ஏதோ ஒரு கைத்தொழில் கற்றுக்கொண்டு வயிறு வளர்த்தால் போதும் என்பது, அந்தச் "சோறும் துணியும்" என்பதன் இன்றைய உருவமேயன்றி வேறென்ன?

பாவத்தின் சங்கதியையும் பார்த்து விடுவோம். கர்ப்பம் தரித்த முதல் மாதங்களில் தாய்க்கு ரூபெல்லா என்னும் அம்மை கண்டால், பிறக்கும் குழந்தைக்குக் கண்ணோ காதோ இருதயமோ கெட்டுப் போகக்கூடும். 1941-ல் ஆஸ்திரேலியாவில் கிரெக் என்ற கண் வைத்தியர் இந்த அம்மையால் குழந்தைகளின் கண் கெடுவதை முதலில் கண்டு சொன்னார். காது கெடுவதும் அடுத்த சில வருஷங்களில் தெரிந்தது. இன்று அதற்கு ஊசி இருக்கின்றது. நம் தமிழ்நாட்டில் 2017 பிப்ரவரியில் தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் சேர்த்து ஒரே ஊசியாகப் பள்ளிப் பிள்ளைகளுக்கெல்லாம் போட்டார்கள். பூர்வ ஜென்மத்துப் பாவமானது ஒரு ஊசிக்குக் கட்டுப்பட்டு ஓடிப் போகுமானால், அது பாவமா, கிருமியா? இன்னும், அக்காள் மகளையும் மாமன் மகளையும் கட்டிக் கொள்ளும் வழக்கத்தால் குடும்பத்தில் மறைந்து கிடக்கும் குறை இருபுறமும் கூடி வெளிப்படுவதுண்டு. மூளைக்காய்ச்சலாலும், பிறந்தவுடன் முற்றிப் போகும் காமாலையாலும், சில மருந்துகளாலும் காது போவதுண்டு. இவைகளையெல்லாம் விட்டுவிட்டு, தாயத்துக்கும் வேண்டுதலுக்கும் மூன்று வருஷம் ஐந்து வருஷம் என்று செலவழிக்கிறார்கள். போனது பணம் மாத்திரமல்ல. பாஷை மனதில் இறங்குகின்ற வயது அது.

இங்கேதான் நம் விஷயத்தின் வேர் இருக்கின்றது. காது கேளாத குழந்தைகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் காது கேட்கும் பெற்றோருக்கே பிறக்கின்றன. வீட்டில் சைகை பாஷை தெரிந்தவர் இல்லை. மற்றப் பிள்ளை அடுப்பங்கரையில் உட்கார்ந்திருக்கும்போதே "பால் பொங்குது", "கரண்ட் போச்சு", "இடி இடிக்குது, மரத்தடியில் நிற்காதே" என்று நாள் முழுவதும் காதில் விழுந்து விழுந்து பாதி விஞ்ஞானத்தைப் பள்ளிக்கூடம் போகுமுன்பே கற்றுக்கொண்டு விடுகின்றது. காது கேளாத பிள்ளை பால் பொங்குவதைப் பார்க்கின்றது. ஏன் பொங்குகின்றது என்று கேட்க அதற்கு ஒரு பாஷை கொடுக்கப்படவில்லை. "ஏன்?" என்று கேட்பதைத்தான் நாம் பகுத்தறிவு என்கின்றோம். அந்த ஒரு சொல்லைக்கூடக் கொடுக்காமல் வளர்த்துவிட்டு, ஒன்பதாம் வகுப்பில் "இதற்குப் புத்தி மந்தம்" என்று சொல்லுவது எவ்வளவு அக்கிரமம்! அப்பிள்ளைக்குத் தொண்டையும் கெடவில்லை, மூளையும் கெடவில்லை. பேச்சைக் கேட்டதில்லை, அதனால் பேசுவதில்லை. இதற்கு "ஊமை" என்று ஒரு பட்டம் வேறு!

சரி, உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளட்டுமே என்பார்கள். தோழர்களே! உங்கள் வீட்டுக் கண்ணாடி முன் நின்று, சத்தமில்லாமல் "பணம்" என்று சொல்லிப் பாருங்கள். பிறகு "மணம்" என்று சொல்லிப் பாருங்கள். உதட்டில் ஏதாவது வித்தியாசம் தெரிகின்றதா? விஞ்ஞானத்திற்கே வருவோம். "ஒலி" என்பதும் "ஒளி" என்பதும் நாக்கு உள்ளே மடங்குவதில் உள்ள வேறுபாடு. காது கேட்கும் தமிழரிலேயே பாதிப்பேர் இரண்டையும் ஒன்றாகச் சொல்லுகிறோம். உதட்டை மாத்திரம் பார்க்கும் பிள்ளை, உபாத்தியாயர் நடத்துவது எந்தப் பாடமென்று எப்படி அறியும்?

இருந்தும் 1880-ல் இத்தாலி தேசத்து மிலான் நகரத்தில் ஒரு மகாநாடு கூடி, காது கேளாதவர்களுக்கு வாய்ப் பேச்சினால்தான் கல்வி கொடுக்க வேண்டும், சைகை கூடாது என்று தீர்மானம் செய்தது. நூற்றுக்கு மேற்பட்ட பிரதிநிதிகள் கூடிய அந்தச் சபையில் காது கேளாதவர் ஒரே ஒருவர். ஒரு கூட்டத்தாரின் தலைவிதியை அவர்களை வெளியே நிறுத்தி வைத்துவிட்டு மற்றவர்கள் தீர்மானிப்பது நமக்குப் புதிதல்ல. நம் நாட்டில் அதற்குத் தனியாக மகாநாடுகூட வேண்டியதில்லை. அந்தத் தீர்மானத்தால் உலகமெங்கும் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் கையைக் கட்டி உட்கார வைக்கப்பட்டார்கள். காது கேளாத உபாத்தியாயர்களுக்கு வேலை போயிற்று. 2010-ல் கனடாவில் வான்கூவர் நகரில் கூடிய அதே மகாநாட்டின் வாரிசுகள் அதற்காக வருத்தம் தெரிவித்தார்கள். நூற்று முப்பது வருஷம் கழித்தாவது தெரிவித்தார்களே என்று சந்தோஷப்பட வேண்டியதுதான்.

இனி வகுப்புக்குள் போவோம். ஒன்பதாம், பத்தாம் வகுப்பு விஞ்ஞானப் புத்தகங்களில் ஒலியைப் பற்றிய பாடம் வருகின்றது. பல பள்ளிக்கூடங்களில் காது கேளாத பிள்ளைகளுக்கு இந்தப் பாடத்தை நடத்துவதேயில்லை. "அவர்களுக்கு எப்படி அது புரியும்?" என்பது சமாதானம். நான் கேட்கின்றேன்: வினாடிக்கு 20,000 அதிர்வுக்கு மேற்பட்ட ஒலியை மனிதர் யார் கேட்டிருக்கிறார்கள்? வௌவால் கேட்கும், நமக்குக் கேட்காது. அந்த எல்லைக்கு அப்பால் நாம் எல்லோரும் செவிடரே. ஆனாலும் அந்த ஒலியைக் கொண்டுதான் வயிற்றிலுள்ள குழந்தையைப் படம் பிடிக்கிறார்கள், கடலின் ஆழத்தை அளக்கிறார்கள். எக்ஸ் கதிரைக் கண்ணால் பார்த்தவர் யார்? அணுவைக் கையால் தொட்டவர் யார்? புலன்களுக்கு எட்டாததை அளவையாலும் யுக்தியாலும் அறிவதற்குத்தானே விஞ்ஞானம் என்று பேர்? அப்படியிருக்க, ஒரு புலன் குறைந்தவருக்கு அது ஆகாது என்பது விஞ்ஞானம் இன்னதென்றே அறியாதவர் பேச்சாகும்.

ஒலிப்பாடத்தை நடத்தும் விதம் மிகச் சுலபம். ஊதிய பலூனைப் பிள்ளையின் இரண்டு கைகளிலும் கொடுத்து, அதற்கு எதிரே பறையை அடியுங்கள். காற்று வழியாக வந்த அதிர்வை அது உள்ளங்கையில் உணரும். இசைக்கவையைத் தட்டித் தண்ணீரில் தொட வையுங்கள். தண்ணீர் சிதறுவதைப் பார்க்கும். ஒரு தகர டப்பாவின் வாயில் ரப்பர் தோலை இழுத்துக் கட்டி, மேலே உப்பைத் தூவி, பக்கத்தில் சத்தம் போடுங்கள். உப்பு எழுந்து ஆடும். சத்தத்தைக் கூட்டினால் என்ன, குறைத்தால் என்ன, குரலை உயர்த்தினால் என்ன என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். காது கேட்கும் பிள்ளைகள் "கேட்டாயிற்று" என்று அலட்சியமாக விட்டுவிடுகின்ற சங்கதியை இவர்கள் கண்ணாலும் கையாலும் பரிசோதிப்பார்கள். இந்தப் பாடத்தில் இவர்களே மேலான மாணாக்கர் ஆகக்கூடும் என்பது என் அபிப்பிராயம்.

ரசாயன சாலையில் ஒரு வேடிக்கை உண்டு. ஹைட்ரஜன் வாயுவுக்குச் சோதனை என்னவென்றால், எரியும் குச்சியைச் சோதனைக் குழாயின் வாயில் காட்டினால் "பாப்" என்ற சத்தத்துடன் எரியும் என்பது. பரீட்சையில் அந்தச் "சத்தம்" என்ற சொல்லுக்கு மார்க்கு. காது கேளாத பிள்ளை குழாயை விரலால் பிடித்திருந்தால் அந்த உதறலை உணர்கின்றது. சுடர் பாய்வதையும் காண்கின்றது. அதை எழுதினால் ஏன் மார்க்கு இல்லை?

உபாத்தியாயர்களுக்கு முக்கியமாக ஒன்று சொல்ல வேண்டும். காது கேட்பவனுக்குப் பாடம் காதிலும் பரிசோதனை கண்ணிலுமாக ஒரே சமயத்தில் நுழைகின்றது. இவர்களுக்கு இரண்டுக்கும் ஒரே வாசல். சோடியத் துண்டைத் தண்ணீரில் போட்டுவிட்டு, அது ஓடும்போதே நீங்கள் கையசைத்துப் பேசினால் பிள்ளை எதைப் பார்க்கும்? உங்கள் கையைப் பார்த்து முடித்துத் திரும்பும்போது சோடியம் கரைந்து போயிருக்கும். ஆகவே முன்னே சொல்லுங்கள்; பிறகு கையைக் கட்டிக்கொண்டு காட்டுங்கள்; பிறகு அவர்கள் கண்டதைக் கேளுங்கள். பலகையைப் பார்த்துக்கொண்டு பேசாதீர்கள். ஜன்னல் வெளிச்சம் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்படி நிற்காதீர்கள். முகமும் கையும் இருட்டாகத்தான் தெரியும். மணியடித்து எச்சரிக்கும் இடத்தில் விளக்கை அணைத்து ஏற்றுங்கள்.

பரீட்சைக் கேள்விகளின் தமிழைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. "காற்றில் சூடேற்றப்பட்ட மக்னீசிய நாடா எரிந்து கிடைக்கும் வெண்சாம்பலை நீரிலிட்டுக் கலக்கினால் பெறப்படும் கலவையில் நனைக்கப்பட்ட சிவப்பு லிட்மஸ் தாள் அடையும் மாற்றம் யாது?" இது விஞ்ஞானக் கேள்வியா, இலக்கணப் பொறியா? தாள் நீலமாகும் என்பது அப்பிள்ளைக்குத் தெரியும். தானே செய்து பார்த்திருக்கின்றது. எச்சத்தின் மேல் எச்சமாக அடுக்கிய இந்த வாக்கியத்துக்குள் நுழைந்து வெளிவரத்தான் தெரியவில்லை. இதையே நான்கு சிறு வாக்கியங்களாக வெட்டி, பக்கத்தில் ஒரு படம் போட்டால் விஞ்ஞானத்துக்கு என்ன குறைந்து போகும்? காது கேட்கும் பிள்ளைகளும் வாழ்த்துவார்கள்.

சைகையில் விஞ்ஞானச் சொற்கள் இல்லை என்று ஒரு வாதம். தமிழிலும் விஞ்ஞானச் சொற்கள் இல்லை என்று பண்டிதர்கள் சொல்லிக் கொண்டிருந்த காலம் உண்டு, உண்டாக்கினோம், இருக்கின்றன. 2015-ல் டில்லியில் இந்திய சைகை மொழிக்கென்று ஆராய்ச்சி, பயிற்சி நிலையம் ஒன்று ஏற்பட்டது. அது 2018-ல் 3,000 சொற்களோடு ஒரு அகராதி வெளியிட்டு, 2021-ல் அதைப் பதினாயிரமாக்கியது. கிரகம் சூரியனைச் சுற்றுவதையும், இரண்டு அணுக்கள் எலெக்ட்ரானைப் பங்கிட்டுக் கொள்வதையும் வாயால் விளக்க அரை மணி வேண்டும். இரண்டு கையால் கண் முன்னே நடத்திக் காட்டி விடலாம்.

இங்கிலாந்தில் ஜான் குட்ரிக் என்று ஒருவர் இருந்தார். குழந்தைப் பருவத்திலேயே காது போனவர். வானத்தில் அல்கால் என்றொரு நட்சத்திரம் சில நாளுக்கு ஒருமுறை மங்கி மறுபடி பிரகாசிக்கும். "பூதத்தின் தலை" என்பதுதான் அந்த அரபுப் பெயருக்கு அர்த்தம். குட்ரிக் ஒவ்வொரு இரவும் ஜன்னலண்டை உட்கார்ந்து பார்த்து, அது ஏறக்குறைய 2 நாள் 21 மணிக்கு ஒருமுறை மங்குகின்றதென்று கணக்கிட்டு, வேறொரு இருண்ட கோளம் அதை மறைத்துச் செல்லுவது காரணமாக இருக்கலாம் என்று எழுதினார். 1783-ல் ராயல் சங்கம் அவருக்குக் காப்ளி பதக்கம் கொடுத்தபோது வயது பத்தொன்பது. அவர் யூகம் சரியென்று நூறு வருஷத்துக்குப் பின் ஒளிப்பிரிகையால் ருஜுவாயிற்று. வானத்துப் பூதத்தை ஓட்டியவர் ஒரு செவிட்டுப் பிள்ளை! ஆஸ்திரேலியாவில் பிறந்த கார்ன்ஃபோர்த், சர்வகலாசாலைப் பிரசங்கங்கள் காதில் விழாமல் புத்தகங்களைப் படித்தே ரசாயனம் கற்று, 1975-ல் நோபல் பரிசு பெற்றார்.

ஆனால் ஒரு வார்த்தை. இவர்கள் பேரைச் சொல்லி நான் உரிமை கேட்கவில்லை. காது கேட்கும் பிள்ளைகளை "நீ நியூட்டன் ஆவாயா?" என்று கேட்டுவிட்டா விஞ்ஞான வகுப்பில் சேர்க்கிறோம்? தன் வீட்டு மின்சாரம் எப்படி வருகின்றது, தான் விழுங்கும் மாத்திரை என்ன செய்கின்றது என்று தெரிந்துகொள்ள நினைக்கும் சாதாரணப் பிள்ளைக்கும் அந்த வகுப்பில் இடமுண்டல்லவா?

ஆகவே இக்கூட்டத்தின் சார்பாகச் சர்க்காருக்குச் சில கோரிக்கைகள் அனுப்பலாமென்று கருதுகிறேன். காது கேளாதோர் உயர்தரப் பள்ளிகளில் மேல் வகுப்புகளில் விஞ்ஞானப் பிரிவு திறக்க வேண்டும். மற்றப் பள்ளிகளில் சேர விரும்புகிறவர்களைத் தடுக்கக் கூடாது. உபாத்தியாயர்களுக்குச் சைகை பாஷை பழக்க வேண்டுமென்பது 2016-ம் வருஷத்துச் சட்டத்திலேயே இருக்கின்றது. அது காகிதத்தை விட்டு இறங்க வேண்டும். காது கேளாத பட்டதாரிகளையே உபாத்தியாயர்களாக நியமிக்க வேண்டும். ரசாயன சாலை இல்லாத பள்ளிக்கு ரசாயன சாலை வேண்டும். இவைகளைத் தீர்மானங்களாக எழுதி மேஜை மேல் வைத்திருக்கின்றேன். திருத்தம் சொல்லுகிறவர்கள் சொல்லலாம்.

முன் வரிசையில் காது கேளாத தோழர்கள் ஐந்தாறு பேர் இருக்கிறார்கள். முதல் திருத்தத்தைச் சொல்ல அவர்களில் ஒருவர் முன்பே கை தூக்கி விட்டார். அவர் சைகையில் பேசுவதை நம் தோழியர் உங்களுக்கு வாயால் எடுத்துச் சொல்லுவார். மேடையில் வெளிச்சம் போதவில்லை. அந்த விளக்கை இப்பக்கம் திருப்பச் சொல்லிவிட்டு நான் உட்காருகிறேன்.