கட்டுச்சோறும் காட்டுவழியும்

நெடுவழி நடப்போனுக்குத் தோளிற் சுமையாவதும் உணவே. வழியில் உயிர்த்துணையாவதும் உணவே. மிகுதியாகக் கட்டிச் சென்றால் நடை தளர்கின்றது. குறைவாகக் கட்டிச் சென்றால் உடல் தளர்கின்றது. கட்டிச் சென்றது வழியிற் கெட்டுவிட்டாலோ, சுமந்த உழைப்பு வீணாவதோடு, உண்டவனுக்கு நோயும் வந்து சேர்கின்றது. ஆகவே, எதனைக் கட்டுவது, எவ்வாறு கட்டுவது, எந்நாளில் எதனை உண்பது என்னும் மூன்று வினாக்களுக்கும் புறப்படுமுன்னரே விடை கண்டுகொள்ளுதல் வேண்டும்.

ஈழத்து வழிநடைகளுள் இவ்வினாக்கள் மிகக் கூர்மையாக எழுவது கதிர்காமப் பாதயாத்திரையிலேயாம். வடக்கே தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியிலிருந்து புறப்படும் அடியார்கள் முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, பொத்துவில் என்று கிழக்குக் கரையோரமாகவே நடந்து வருகின்றனர். அவ்வளவு தூரமும் ஊர்களும் கோவில்களும் உள்ளன, அன்னதானமும் கிடைக்கின்றது, கடைகளும் இருக்கின்றன. பாணமையைக் கடந்து உகந்தைமலை முருகன் சந்நிதியை அடைந்தபின் நிலைமை மாறுகின்றது. அங்கிருந்து குமண, யால வனங்களினூடாகக் கதிர்காமம் வரை செல்வது நான்கைந்து நாள் நடை. ஒவ்வோராண்டும் திருவிழாவை யொட்டிக் குறிப்பிட்ட சில நாள்களுக்கே அக்காட்டுப் பாதை திறந்துவிடப்படுகின்றது. தொண்டர்கள் இடையிடையே நீரும் உணவும் வழங்குவதுண்டு. ஆயினும், அதனை நம்பி வெறுங்கையுடன் காடு புகுதல் விவேகமன்று. கும்புக்கன் ஆற்றுக்கு அப்பால் வயிற்றுநோய் கண்டவன் திரும்பிப் போவதும் அரிது. முன்னே போவதும் அரிது.

உணவு ஏன் கெடுகின்றது? காற்றிலும் நீரிலும் மனிதன் கையிலும் உள்ள நுண்கிருமிகள் உணவிற் படிந்து பெருகுவதே காரணம். அவை பெருகுவதற்கு ஈரம் வேண்டும், இதமான உஷ்ணம் வேண்டும், காலமும் வேண்டும். ஏறத்தாழ 5 பாகை செல்சியசுக்கும் 60 பாகை செல்சியசுக்கும் இடைப்பட்ட உஷ்ணமே அவற்றுக்கு உகந்தது. இலங்கையின் கரையோரத்து வெயில் இவ்வெல்லைகளின் நடுவிலே நிற்கின்றது. ஏற்ற சூழலிற் சில கிருமிகள் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கின்றன. காலையிற் கட்டிய சோறு மாலையில் என்னாகும் என்பதை இதிலிருந்து எளிதில் உணரலாம்.

நடந்து செல்வோன் குளிர்ப்பெட்டியைச் சுமந்து செல்ல இயலாது. உஷ்ணத்தை வெல்லும் வழி அவனுக்குப் பெரும்பாலும் இல்லை. எஞ்சியிருப்பவை ஈரத்தை நீக்குவதும், புளிப்பும் உப்பும் ஏற்றுவதும், காலத்தைக் கணித்து உண்பதுமாகிய வழிகளே. நம் முன்னோர் கிருமியைக் கண்டாரல்லர்; ஆயினும், இவ்வழிகள் மூன்றையும் அறிந்திருந்தனர். அவர்கள் கட்டிய கட்டுச்சோற்று மூட்டையே அதற்குச் சான்றாகும்.

முதலாவதாகப் புளிச்சோற்றைக் கருதுவோர் அதன் அமைப்பை நோக்குதல் தகும். சோறு உதிரியாக வடிக்கப்பட்டு, அகன்ற தட்டில் விரைவாக ஆற்றப்படுகின்றது. புளிக்கரைசல் நல்லெண்ணெயிற் சுண்டக் காய்ச்சப்படுகின்றது. தேங்காய் அதிற் சேர்வதில்லை. புளிப்பு மிகுந்த இடத்திற் பெரும்பாலான கிருமிகள் பெருக மாட்டா. இவ்வாறு கட்டிய சோறு, வெறுஞ் சோறு கெடும் நேரத்திலும் கெடாது நிற்பதன் இரகசியம் இதுவே. எனினும், இரண்டாம் நாளும் அதனையே நம்பியிருத்தல் ஆகாது. தேங்காய்ப்பூச் சம்பலும் தேங்காய்ப்பால் சேர்ந்த கறியும் அரைநாள் வெயிலையும் தாங்கமாட்டா. அவை புறப்படும் ஊரிலேயே உண்ணற்குரியவை.

வெறுஞ் சோற்றைப் பற்றி ஓர் எச்சரிக்கை இங்கே அவசியமாகின்றது. அரிசியில் இயல்பாகவே தங்கும் ஒருவகைக் கிருமியின் வித்துகள் கொதிநீரிலும் சாவதில்லை. சோறு மெல்ல மெல்ல ஆறும்போது அவை விழித்தெழுந்து பெருகி, நச்சுப்பொருளைச் சுரக்கின்றன. அந்நச்சை மறுபடியும் கொதிக்கவைத்தும் போக்க இயலாது. வீட்டிலே பழஞ்சோறு உண்டு பழகியவர்கள் இதனை ஐயுறுதல் கூடும். பழஞ்சோறு நல்ல நீரில் ஊறி, புளிப்புக் கிருமிகளால் தன்னைத்தான் காத்துக்கொள்கின்றது. காலையிலேயே உண்ணவும் படுகின்றது. காட்டுவழியிலே நீரும் ஐயத்துக்குரியது. சோறோ பகல் முழுவதும் மூட்டையிலே புழுங்குகின்றது. ஆகவே, இரவிற் சமைத்த சோற்றை இரவே உண்டு முடித்தலே நன்று. மணம் மாறவில்லை என்பது சோறு நல்லது என்பதற்குச் சான்றாகாது.

சமைத்த சோற்றைச் சுமப்பதிற் பிறிதொரு நட்டமும் உண்டு. ஒரு கிலோ சோற்றில் மூன்றிலிரண்டு பங்கு நீரே. ஆற்றங்கரையில் தங்கும் நாளிலும் ஊரிலிருந்து நீரைச் சுமந்து செல்வதற்கு அது ஒப்பாகும். உலர்ந்த பண்டமாயின், நாள் முழுவதும் நடக்கும் ஒருவனுக்கு 600 முதல் 800 கிராம் வரை போதுமென்று கணிக்கலாம். ஐந்து நாளைக்கு அது நான்கு கிலோவுக்கு மேற்படாது.

உலர்பண்டங்களிலே யாழ்ப்பாணத்துப் பனை தருவன தனிச்சிறப்புடையவை. பனங்கிழங்கைப் பச்சையாகவே பிளந்து உலர்த்தினால் ஒடியல். அவித்து உலர்த்தினால் புழுக்கொடியல். பனம்பழக் களியைப் பாயிலே பரப்பி, படைபடையாகக் காயவைத்து எடுப்பது பினாட்டு. பதநீரைக் காய்ச்சிக் குட்டானில் ஊற்றியது பனங்கட்டி. இவற்றுள் எதிலும் கிருமிக்குப் போதிய ஈரம் இல்லை. பனங்கட்டியிலோ உள்ள ஈரத்தையும் இனிப்பே பற்றிக்கொள்கின்றது. புழுக்கொடியலும் பனங்கட்டித் துண்டும் நடந்துகொண்டே மென்று தின்னத்தக்கவை, அடுப்பு வேண்டுவதில்லை. பொரிமா, எள்ளுருண்டை, மோர்மிளகாய், வடகம் என்பனவும் இவ்வினத்தைச் சேர்ந்தவையே.

பிற நாட்டாரும் இதே முடிவுக்கே வந்திருக்கின்றனர். வட அமெரிக்காவின் பழங்குடி மக்கள் உலர்த்திய இறைச்சியை இடித்துக் கொழுப்புடன் பிசைந்து பெமிக்கன் என்னும் பண்டத்தைச் செய்தனர். 1911ஆம் ஆண்டு தென்துருவத்தை முதலில் அடைந்த அமுண்ட்சென் குழுவினர் சுமந்த உணவுகளிலும் பெமிக்கன் முதன்மையானது. அந்தீசு மலைவாழ் மக்கள் உருளைக்கிழங்கை இரவுப் பனியில் உறையவைத்து, பகல் வெயிலில் உலர்த்திச் சேமித்தனர். இக்காலத்து மலையேறிகள் சிறு பொதிகளிற் கொண்டுசெல்லும் உறைய வைத்து உலர்த்திய உணவுக்கு அதுவே முன்னோடி எனலாம்.

உலர்பண்டம் ஒன்றே போதுமாயின், இப்பேச்சு இங்கே முடிந்துவிடும். ஆனால், மூன்றாம் நாளில் நாவும் வயிறும் பச்சை மரக்கறியை வேண்டுகின்றன. சுவையற்ற உணவைக் களைத்தவன் உண்ணாது விடுகின்றான். உண்ணாதவன் மறுநாள் நடக்க மாட்டான். ஆகவே, பச்சைப் பண்டத்தையும் ஓரளவு கொண்டுசெல்லல் தகும். அதனைக் காக்கும் வழி, எது எத்தனை நாள் நிற்கும் என்று அறிந்து, மென்மையானதை முன்னும் வன்மையானதைப் பின்னும் உண்பதேயாம்.

கீரை முதல்நாள் மாலைக்கு மேல் நில்லாது. வெண்டிக்காயும் தக்காளியும் இரண்டாம் நாளைக்குரியவை. கரட், கோவா, முருங்கைக்காய் ஆகியன மூன்றாம் நாளையும் தாங்கும். வெங்காயம், உள்ளி, இஞ்சி, வற்றாளங்கிழங்கு, தேசிக்காய் என்பன பயணம் முடியும்வரை நிற்கும். வாழைப்பழம் கொண்டுசெல்ல விரும்புவோர், ஒரு பங்கு பழுத்ததும் மறுபங்கு செங்காயுமாகத் தெரிந்து, இரண்டையும் வேறுவேறு பைகளில் வைத்தல் வேண்டும். பழுத்த பழத்திலிருந்து எழும் வாயு அருகிலுள்ள காயையும் விரைந்து பழுக்கச் செய்யும், கீரையையும் மஞ்சளாக்கும்.

தேங்காய் இயற்கையே அடைத்துத் தந்த பேணி. உரிக்கும்போது கண்களின்மேல் தும்புக் குடுமியை விட்டுவைத்தால் அது நீண்ட நாள் கெடாது. ஆனால், உடைத்த தேங்காயை அன்றே முடித்துவிடல் வேண்டும். அரைக் கிலோவுக்கு மேல் நிறையுள்ளதாகையால், நால்வர் செல்லும் குழுவுக்கு இரண்டு காய்கள் போதும்.

முட்டையைப் பற்றி ஒரு தவறான எண்ணம் நிலவுகின்றது. அவித்த முட்டை நெடுநாள் நிற்கும் என்று பலர் கருதுகின்றனர். உண்மை அதற்கு மாறானது. பச்சை முட்டையின் ஓட்டின்மேல் கிருமி புகாது காக்கும் மெல்லிய பூச்சொன்று உண்டு. அவித்தால் அது நீங்கிவிடும். கழுவாத பச்சை முட்டையை மாப்பேணியிற் புதைத்துக் கொண்டுசென்றால் உடையவும் மாட்டாது. பயணம் முடியும்வரை நிற்கவும் செய்யும். அவித்ததையோ அன்றே உண்டுவிடல் வேண்டும். விரதங்காக்கும் யாத்திரிகருக்கு முட்டையும் மாசிக் கருவாடும் ஆகாவாயினும், ஏனைய மலைநடைகளிற் செல்வோருக்கு அவை கைகொடுக்கும். வெண்ணெயினும் நெய் நெடுநாள் நிற்பதும் இதே நியதியின்படியே. உருக்கும்போது நீர் நீங்கிவிடுகின்றது.

கட்டும் முறையிலும் கவனம் வேண்டும். மரக்கறிகள் பறித்தபின்னும் சுவாசிக்கின்றன, வியர்க்கின்றன. பொலித்தீன் பையில் இறுக மூடினால் அவ்வியர்வையிலேயே அழுகிவிடும். புறப்படுமுன் அவற்றைக் கழுவாது, ஈரமின்றித் துடைத்து, துணியிலோ தாளிலோ சுற்றிப் பனையோலை உமலில் இடுதல் நன்று. சோறு கட்டும் வாழையிலையை அனலில் வாட்டினால் அது கிழியாது மடியும். கனமான பண்டம் கீழேயும் கசங்குவது மேலேயும் இருத்தல் வேண்டும். ஒவ்வொரு நாளின் பண்டத்தையும் தனித்தனி முடிச்சாகக் கட்டினால், நாள்தோறும் மூட்டை முழுவதையும் கிளறிக் கையழுக்கை அதிற் சேர்க்கும் நிலை ஏற்படாது.

யாத்திரை நடைபெறும் காலத்திற் கிழக்கிலே கச்சான் காற்று வறண்டு வீசும். நடப்போர்க்குத் துன்பந் தரும் அக்காற்றும் ஒருவகையில் உதவுகின்றது. மரக்கறி உமலை நனைத்த துணியாற் சுற்றி நிழலிலே தொங்கவிட்டால், நீர் ஆவியாகும்போது உட்பொருள் சில பாகை குளிரும். மரக்கறி வாடாதிருக்க அது போதும். பாலுக்கும் மீனுக்கும் சமைத்த உணவுக்கும் அது போதாது. மலைநாட்டிலோ காற்று ஈரமானது. அங்கு இம்முறை அவ்வளவு பயன்தராது. ஆயினும், கடல்மட்டத்துக்கு மேல் 2,000 மீற்றருக்கும் உயர்ந்த ஹோட்டன் சமவெளிப் பகுதியில் இரவுக் குளிரே மரக்கறியைக் காத்துவிடும்.

நான்காம் நாளிலும் பச்சைப் பண்டம் உண்ண விரும்புவோர்க்கு இன்னுமொரு வழியுண்டு. இரண்டாம் நாள் இரவு ஒரு பிடி பச்சைப்பயற்றைக் கொதித்தாறிய நீரில் ஊறவைத்து, காலையில் வடித்து, சுத்தமான ஈரத்துணியில் முடிந்து மூட்டையின் வெளிப்புறத்திலே தொங்கவிடலாம். நாளுக்கு இருமுறை நனைத்துவந்தால், நான்காம் நாள் அது முளைவிட்டிருக்கும். பச்சைப் பண்டம் ஒன்றை உலர்ந்த வடிவிற் சுமந்து, வழியிலேயே புதிதாக்கி உண்பது இதன் சிறப்பு. முளைக்கும் ஈரத்திலே கிருமியும் வளருமாதலால், அதனை வேகவைத்தே உண்ணல் வேண்டும்.

குடிநீரைப் பொங்கக் கொதிக்கவைத்து ஒரு நிமிடமாவது விடுதல் கட்டாயம். எவ்வளவு காத்தும் ஒருவனுக்கு வயிற்றோட்டம் கண்டுவிட்டால், கொதித்தாறிய நீர் ஒரு லீற்றரில் தேக்கரண்டி மட்டத்துக்கு ஆறு கரண்டி சீனியும் அரைக் கரண்டி உப்பும் கரைத்து, சிறிது சிறிதாகப் பருகக் கொடுத்தல் வேண்டும். சீனியும் உப்பும் மூட்டையில் எப்போதும் இருப்பவை. அளவு மாத்திரம் நினைவில் இருத்தல் அவசியம். இரத்தங் கலந்து போனாலும், நீரும் தங்காது வாந்தி தொடர்ந்தாலும் நடையை நிறுத்தி, வைத்திய உதவி நாடுதல் வேண்டும்.

காட்டிலே மனிதனைவிட மோப்பம் வல்ல பிராணிகள் வாழ்கின்றன. பழமும் உப்பும் யானையை அழைக்கும். கரடியும் குரங்கும் பன்றியும் பின்தொடரும். ஆகவே, உறங்கும் இடத்தருகே உணவையோ எச்சிலையோ வைத்தலாகாது. பொலித்தீன் உறையையும் வெறும் பேணியையும் காட்டில் எறியாது மீளக் கொண்டுவருதல், மறுவருடமும் அவ்வழி திறக்கப்படவேண்டும் என்று விரும்புவோர் கடமையாகும்.

உகந்தையில் மூட்டை கட்டும் குழுவிலே பெரும்பாலும் ஒரு மூதாட்டி இருப்பார். எந்த முடிச்சை என்று அவிழ்ப்பது என்பதை அவரே தீர்மானிப்பார். முதல்நாளே பினாட்டைக் கேட்கும் இளைஞனுக்கு அவர் கீரையைக் காட்டுவார். அவ்வாறு முறை வகுத்து உண்டு வருவோர், மாணிக்க கங்கையில் இறங்கி நீராடும் நாளிலும் மூட்டையில் ஒரு தேசிக்காயும் சிறிது பனங்கட்டியும் எஞ்சியிருக்கக் காண்பர்.